நூறில் நிற்காத நாற்காலி

அலுவலகத்தில் அவளுக்கு ‘வில்லங்கம்’ என்று பெயர். பின்னே? நன்றாக ஓடுகிற மென்பொருளைக் கொண்டுபோய் விளிம்பில் நிறுத்தி, விழுகிறதா என்று பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. வயது பதினெட்டு முதல் அறுபது வரை ஏற்கும் படிவம் என்றால், முப்பதைத் தட்டிப் பார்க்கவே மாட்டாள். பதினேழு, பதினெட்டு, அறுபது, அறுபத்தொன்று. “கோளாறு நடுவீட்டுல படுக்காதுப்பா, வாசப்படியிலதான் படுத்திருக்கும்” என்பாள்.

இந்தத் தடவை வந்தது மின்சாரச் சக்கர நாற்காலி. கைப்பிடியைத் தள்ளினால் ஓடும், விட்டால் நிற்கும். வேக அளவு பூஜ்யம் முதல் நூறு வரை, முழுக்கத் தள்ளினால் நூறு. அதில் உட்கார்ந்து ஓட்டினாள். ஐம்பதில் கையை எடுத்தாள், நின்றது. தொண்ணூற்றொன்பதிலும் நின்றது. நூறில் கையை எடுத்தாள். அது பாட்டுக்கு ஓடிப்போய்ச் சுவரில் மோதியது. அவள் முழங்காலும் சேர்ந்துதான்.

“நூறு வரைக்கும் யாருக்கா தள்ளப்போறாங்க?” என்றான் நிரல் எழுதியவன். “முழுசா தள்ளாதீங்கன்னு கையேட்டுல ஒரு வரி போட்டுடலாம். நாளைக்கு அனுப்பணும், கையெழுத்துப் போடுக்கா.”

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முதலில் போகும் நாற்காலிகளில் ஒன்று அவள் தம்பிக்கு. பிறந்ததிலிருந்தே அவனுக்குக் கை விறைப்பு. இறுக்கினால் முழுக்க இறுக்கும், இல்லாவிட்டால் சும்மா கிடக்கும். நடுவாந்தரம் என்பதே அந்தக் கைக்குக் கிடையாது.

“என் தம்பி விரல் அதையெல்லாம் படிக்காதுடா. நூறுல நிக்கட்டும், அப்புறம் போடறேன்.”

மேலாளர் கெஞ்சினார், மிரட்டினார். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றாள். கடைசியில் நிரல் எழுதியவன் முணுமுணுத்துக்கொண்டே நிரலைத் திறந்தான். கையை விடும்போது வேகம் நூறுக்குக் குறைவாக இருந்தால் நிறுத்தும்படி எழுதியிருந்தான், நூறை விட்டிருந்தான். “சே, என் புத்தி!” என்று தலையில் அடித்துக்கொண்டான்.

திருத்தியதை அவளே பலமுறை ஓட்டிப் பார்த்தாள். பிறகு தம்பியை அழைத்துவந்து அலுவலக நடைக்கூடத்தின் ஒரு கோடியில் நாற்காலியில் உட்கார்த்தினாள். மறுகோடிச் சுவரில் முதுகை ஒட்டி நின்றாள்.

“நகருக்கா, பயமா இருக்கு.”

“எனக்கும்தான். நீ தள்ளு.”

அவன் கை இறுகியது. கைப்பிடி முழுக்கச் சாய, நாற்காலி பாய்ந்து வந்தது. “விடுடா!” என்று கத்தினாள். கை தளர்ந்தது. அவள் செருப்பு நுனிக்கு முன்னால் வந்து நின்றது.

தம்பிக்கு மூச்சு வாங்கியது. பிறந்ததிலிருந்து “மெதுவா, மெதுவா” என்றே பிறர் தள்ளிக்கொண்டு போன பிள்ளை.

“அக்கா, இன்னொரு தடவை. இதே வேகத்துல!”

அவனை மறுபடி அந்தக் கோடியில் கொண்டுபோய் விட்டாள். திரும்பி வந்து சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டாள்.