நான்கு விரல் நரை

காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்றில் புடவை காட்டும் அம்மா அவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். எந்தப் புடவையையும் முதலில் தன் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் நம் முன் விரிப்பார்.

மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போன அன்று அவர் தலையைப் பார்த்துத் திகைத்தேன். வகிட்டிலிருந்து நான்கு விரல் அளவுக்கு நரை. அதற்குக் கீழே பின்னல் முழுக்கச் சாயக் கறுப்பு.

முதலாளி எங்கள் முன்னாலேயே, "இன்னாம்மா இது? நாளைக்கு டை அடிச்சிக்கினு வா. இல்லன்னா பின்னாடி போய் புடவை மடி" என்றார்.

"மடிக்கிறேன் சார். டை வேணாம்" என்றார் அவர், குரலை உயர்த்தாமல்.

முதலாளி நகர்ந்ததும் நான் மெதுவாகக் கேட்டேன். "இதுக்குப் போயா இவ்ளோ பிடிவாதம்?" நானும் அந்த வாரம்தான் டை அடித்திருந்தேன்.

"இருவது வருசமா அடிச்சிக்கினு இருந்தேன்மா. என் முடி இப்ப எப்படி இருக்குதுன்னு எனக்கே தெரியாது. ஒருவாட்டி பார்த்துடணும்" என்றார்.

மூன்று வருஷம் கழித்து மகள் வளைகாப்புக்காக மறுபடி போனபோது, முதலாளியே உள்ளே பார்த்து, "அக்காவ வரச் சொல்லுபா. அவங்க காட்டட்டும்" என்றார். அவர் வந்தார். தலை முழுக்க ஒரே வெள்ளை, பெரிய கொண்டை. கடையில் இருந்த பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

எத்தனை காலம் உள்ளே மடித்துக்கொண்டிருந்தார் என்று கேட்க நினைத்தேன். அந்தக் கொண்டையை ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.