ஏழுமலையின் மூன்று புள்ளி

பாத்தியில் உப்பு பூக்கும் நண்பகலில் காற்று சட்டென்று நின்றுவிட்டால், மரக்காணத்து உப்பளங்களில் மிக மெல்லிய நொறுங்கல் சத்தம் ஒன்று கேட்கும். யாரோ தூரத்தில் அப்பளத்தை மெதுவாகக் கையில் வைத்து உடைப்பதுபோல இருக்கும். அந்தத் திங்கட்கிழமை அதைக் கேட்டபடி பழைய உப்புக் கொட்டகைக்குள் குந்தியிருந்தவர்கள் மூன்று பேர்: அளத்தில் உப்பு வாரும் குடும்பத்துக் கன்னியப்பன், கூனிமேட்டு மளிகைக்கடைக்காரர் மகன் ஜலால், நான். இல்லாதவன் ஏழுமலை. சனிக்கிழமை விடியலில் மாமனோடு கட்டுமரத்தில் போனவன் இன்னும் கரை திரும்பவில்லை. ஆனால் அவனுடைய சிறு சங்கு, சுண்ணாம்புக்கட்டியால் நாங்கள் கட்டம் போட்டிருந்த தரையில், வெள்ளிக்கிழமை அவன் வைத்துவிட்டுப் போன கட்டத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

அந்த ஆட்டம் எங்களிடம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளின் கடைசி அது. குயிலாப்பாளையத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். கன்னியப்பனின் அண்ணன் அங்கே கொத்தனாருக்குக் கையாள். ஊர் திரும்பிய வெள்ளைக்கார இளைஞன் ஒருவன் விட்டுப்போன பழைய சாமான்களோடு ஒரு துணிப்பையும் வந்தது. உள்ளே தட்டச்சு அடித்துக் குத்திய நாற்பது ஐம்பது தாள்களும், நாங்கள் அதுவரை கண்டிராத தாயக்கட்டைகளும் இருந்தன: நாலு முகம், எட்டு முகம், உருட்டினால் நிற்க நேரமாகும் இருபது முகம். ஆளுக்கொரு வீரனாக மாறி, பாழடைந்த மாளிகைக்குள் போய், அங்கிருக்கும் பேய்க்காவலர்களோடு மோதி வெளியே வர வேண்டும். ஒருவன் மட்டும் வீரனாக இல்லாமல் விதி படித்து, பேய்க்காவலர்களை நகர்த்தி, அவர்களுக்காகவும் கட்டை உருட்ட வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் படியேறிய முதல் ஆள் நான்தான். நால்வரில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவனும் நான்தான். எனவே அந்த வேலை எனக்கு வந்தது. "வாத்தியாரு" என்றுதான் கூப்பிட்டார்கள், பாதி மரியாதை, பாதி நக்கல்.

சண்டை விதிகள்தான் உயிரை எடுத்தன. எந்த ஆயுதம் முதலில் பேசும், எந்தக் கவசத்துக்கு எத்தனை விழுந்தால் வெட்டு விழும், ஆள் எந்தப் பக்கம் முகம் வைத்து நிற்கிறான் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டவணை. எதிரியைத் தொட்டபடி நிற்கும் கட்டத்துக்கு நாங்கள் "கொக்கி" என்று பேர் வைத்தோம். கொக்கியில் மாட்டியவன் சும்மா நடந்து விலக முடியாது. விலகினால் எதிரிக்கு அவன் முதுகில் இலவசமாக ஒரு வெட்டு, அதற்கு "முதுகடி". இதை நான் அகராதி வைத்து மூன்று நாள் படித்துச் சொன்னேன். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட ஏழுமலை ஒருமுறை கேட்டதும், "அலை மாதிரிடா இது, நேரா போனா கவுத்துடும்" என்று தன் சங்கைப் பக்கவாட்டில் நகர்த்தினான். அன்றிலிருந்து அவன் ஒருநாளும் நேராகப் போனதில்லை.

வெள்ளிக்கிழமை பாதிச் சண்டையில் விட்டுப் போகும்போது அவனுக்கு மூன்று உயிர்ப்புள்ளி மிச்சம். இரண்டு பேய்க்காவலர்களின் கொக்கியில் மாட்டியிருந்தான். மாளிகை வாசல் ஆறு கட்டம் தள்ளி இருந்தது.

"அழிச்சிடலாம்பா, பாக்கவே ஒரு மாதிரி இருக்குது" என்றான் ஜலால்.

கன்னியப்பன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "தொடாத. இப்ப கலைச்சா அவன் அங்கயே மாட்டிக்குவான்."

இப்படிப்பட்ட பேச்சுக்குச் சிரிக்கத்தான் பள்ளிக்கூடம் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. சிரிப்பு வரவில்லை. கொட்டகைத் தரை முழுக்கக் காய்ந்து கிடந்தது. சங்கு நின்ற கட்டம் மட்டும் ஈரமாக இருந்தது. உப்பு படிந்த தரை ஈரத்தை இழுக்கும் என்று எனக்குத் தெரியும். மற்ற கட்டங்களிலும் அதே உப்புதான் படிந்திருந்தது என்பதும் தெரியும்.

அப்படியே விட்டுவைக்கவும் வழியில்லை. வியாழக்கிழமை கொட்டகையில் மூட்டை அடுக்கப்போவதாகவும், அதற்குள் கிறுக்கலை அழித்துவிட்டு ஓடிவிட வேண்டும் என்றும் மேஸ்திரி சொல்லிவிட்டுப் போனார். ஆக, புதன்கிழமைக்குள் ஏழுமலையை வாசலுக்கு வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். மூவரும் அதைத்தான் நினைத்தோம்.

ஆட வராதவனின் வீரனைக் கட்டை உருட்டி நகர்த்தலாம் என்று தாள்களில் ஒரு விதி இருந்தது. எட்டு முகக் கட்டை, எட்டுத் திசை. திங்கள் மூன்று முறை, செவ்வாய் நான்கு முறை, ஆளுக்கொருவராக மாற்றி மாற்றி உருட்டினோம். ஏழு முறையும் பக்கவாட்டுத் திசைகள்தான் விழுந்தன. கொக்கி விட்டுப்போகாமல் காவலர்களைச் சுற்றிச் சுற்றி, வெட்டுக்குத் தப்பி, சங்கு வாசல் பக்கம் சாய்ந்துகொண்டே வந்தது. ஏழாவது முறை கட்டை நின்றதும் கன்னியப்பன் எழுந்து கொட்டகைக்கு வெளியே போய் நின்றுகொண்டான். "அவந்தான்டா ஆடுறான்" என்று அங்கிருந்தே சொன்னான், எங்களைப் பார்க்காமல்.

புதன்கிழமை உச்சிவேளையில் அளத்தின் மேல் கானல் ஏறியிருந்தபோது, வெண்மைக்கு நடுவில் ஓர் உருவம் தெரிந்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. வெகுநேரம் வந்துகொண்டே இருந்தது, பக்கத்தில் வரவே இல்லை. ஜலால் முணுமுணுத்து ஓத ஆரம்பித்தான். பிறகு கால்கள் முளைத்தன, சேலை நிறம் தெரிந்தது: ஏழுமலையின் அம்மா அஞ்சலை. நாலு நாளாகக் கரையில் உட்கார்ந்திருந்த முகத்தில் மணல் ஒட்டியிருந்தது. கன்னியப்பன் வீட்டில் யாரோ ஆட்டத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

கொட்டகைக்குள் வந்து கட்டங்களைப் பார்த்தார். "எம் புள்ள எங்க நிக்கிறான்?" என்று கேட்டார்.

நான் சங்கைக் காட்டினேன்.

"சுத்தி நிக்கிறது யாரு?"

"எதிரிங்கம்மா."

"கதவு எது?"

அதையும் காட்டினேன். சேலையை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "ஆடுங்க" என்றார்.

அந்த இரண்டு மணி நேரத்தில்தான் அந்தச் சண்டைமுறை எனக்கு உண்மையில் விளங்கியது. கொக்கியிலிருந்து ஒருவனை விடுவிக்க, இன்னொருவன் வந்து அந்தக் கொக்கியைத் தன் மேல் வாங்கிக்கொள்ள வேண்டும். அதுவரை தங்கள் வீரர்களைக் கோழிக்குஞ்சு மாதிரிப் பொத்திவைத்திருந்த இருவரும் அதைச் செய்தார்கள். கன்னியப்பனின் வீரனாக நின்ற புளியங்கொட்டை முதலில் குறுக்கே போய் இரண்டு வெட்டு வாங்கிச் செத்தது. பிறகு ஜலாலின் கோலிக்குண்டு. ஒவ்வொன்று விழும்போதும் அஞ்சலை அம்மா அந்தப் பையனின் தலையைத் தொட்டார். சங்குக்கும் இரண்டு புள்ளி போனது. ஒரு புள்ளியோடு வாசலுக்கு ஒரு கட்டம் முன்னால் அது நின்றபோது, அதைத் தொட்டு நின்றவன் ஒரே ஒரு பேய்க்காவலன். குறுக்கே விட எங்களிடம் யாரும் இல்லை. வெளியேறினால் முதுகடி. காவலனுக்காகக் கட்டை உருட்ட வேண்டியவன் நான்.

பதினைந்தோ அதற்கு மேலோ விழுந்தால் ஏழுமலை சாவான். இருபது முகக் கட்டை சுற்றிச் சுற்றி நின்றது. பதின்மூன்று.

கன்னியப்பன் மூச்சு விட்டான். எனக்கு மட்டும் தெரியும். அன்று காலைதான் அந்த வரியைப் படித்திருந்தேன்: முதுகில் விழும் வெட்டுக்கு, கட்டையில் விழுந்த எண்ணோடு இரண்டைக் கூட்டிக்கொள்ள வேண்டும். தாள் என் முட்டிக்குக் கீழே இருந்தது. அந்தக் கொட்டகையில் அதைப் படிக்கத் தெரிந்த வேறு ஆள் இல்லை.

"என்னப்பா ஆச்சு?" என்றார் அம்மா.

"தப்பிச்சிட்டாம்மா. வெளிய வந்துட்டான்."

அவர் அழவில்லை. சங்கை எடுத்து மடியில் முடிந்துகொண்டு, வந்த வழியே வெயிலுக்குள் நடந்து போனார். அவர் போன பிறகு பார்த்தேன். வாசல் கட்டம் உலர்ந்து கிடந்தது, அவன் கடைசியாக நின்ற கட்டத்தில் மட்டும் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. மறுநாள் மூட்டை அடுக்கினார்கள். அதற்கடுத்த நாள் கூனிமேட்டுக் கரையில் மாமனின் உடல் ஒதுங்கியது. ஏழுமலை ஒதுங்கவே இல்லை.

நான் மேலே படித்தேன், திண்டிவனம் போனேன், வேலைக்கும் வந்துவிட்டேன். சென்ற தை மாதம் அஞ்சலை அம்மா இறந்த செய்தி கேட்டு ஊருக்குப் போனபோது, கொட்டகை இருந்த இடத்தில் நாலு கல்தூண் மட்டும் நின்றது. ஜலால் துபாயில் இருக்கிறான். கன்னியப்பன் என்னோடு சாவு வீடுவரை வந்தான். அந்த ஆட்டத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. இரண்டைக் கூட்டாத கதையை அவனிடம் இன்றுவரை நான் சொன்னதில்லை. இங்கேதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

ஏழுமலையின் தங்கைதான் சொன்னாள். மகனுக்குக் கருமாதி செய்ய அம்மா கடைசிவரை விடவில்லையாம். ஊரும் உறவும் எத்தனையோ சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். "அவன் வெளிய வந்துட்டான், படிச்ச புள்ள பாத்துச் சொல்லுச்சு" என்பதுதான் ஒரே பதிலாம். அண்ணன் வந்து நிற்காமல் கல்யாணம் இல்லை என்று வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் திருப்பி அனுப்பியதில், அவளுக்கும் இருபத்தைந்து ஆகிவிட்டது. தினமும் ராத்திரிச் சோற்றில் அவனுக்கு ஒரு தட்டு போட்டு மூடிவைத்து, விடிந்ததும் தன் கையாலேயே காக்கைக்குக் கொட்டுவாராம். எத்தனை நாள் என்று கேட்டேன். ஒருநாள்கூட விட்டதில்லை என்றாள். திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்பது வருடம், எட்டு மாதம். மூவாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் தட்டுச் சோறு.