‘இந்தக் கார் எப்படி இருக்கிறது?’ என்று கேட்டுப் பிழைத்த மூன்று மாதம்

கருத்துக் கணிப்புத் தொழிலில் நாம் எதையும் விற்பதில்லை. ஆனால் எதிரே வருகிறவர் ஒருவர்கூட அதை நம்புவதில்லை.

கடைத்தொகுதி வாசலில் கையில் டேப்லட்டோடு நின்று, "ரெண்டு நிமிஷம் இருக்குமா?" என்று நீங்கள் யாரையாவது கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருந்தால் மேலே படியுங்கள், நீங்கள் என் கட்சி. அப்படிக் கேட்டவளைப் பார்த்ததும், வராத தொலைபேசி அழைப்பைக் காதில் வைத்துக்கொண்டு வேகமாக நடந்தவராக இருந்தாலும் படியுங்கள். உங்கள் முதுகு எனக்கு நன்றாகவே தெரியும்.

என் வேலை இதுதான். இன்னும் விற்பனைக்கு வராத ஒரு கார். பிளக்-இன் ஹைபிரிட் வகை. செருகி சார்ஜ் போட்டால் மின்சாரத்தில் ஓடும், சார்ஜ் தீர்ந்தால் பெட்ரோலில் ஓடும். அதன் பெயர் இருக்கும் இடத்தில் கறுப்பு டேப் ஒட்டி, சிங்கப்பூரில் வார நாட்களில் குவீன்ஸ்டவுனிலும் சனி ஞாயிறுகளில் தேக்காவிலும் நிறுத்தி வைப்பார்கள். வருகிறவர்களில் லைசென்ஸ் உள்ளவர்களிடம் நான் இரண்டு விஷயம் கேட்க வேண்டும்: தோற்றம் எப்படி, விலை எவ்வளவு இருக்கலாம். காரின் பெயரை நான் சொல்லக்கூடாது. விலையையும் சொல்லக்கூடாது, அது எனக்கே தெரியாது. கடைசிக் கட்டத்தில், அவர் சொன்னதை அவர் வாயில் வந்தபடியே, ஒரு வார்த்தை மாற்றாமல் பதிய வேண்டும். பிறகு அவருடைய தொலைபேசி எண். அலுவலகத்திலிருந்து சிலருக்குப் போன் போட்டு, உண்மையிலேயே யாராவது வந்து கேட்டார்களா என்று சரிபார்ப்பார்கள்.

மூன்று மாதம் தற்காலிகம். முந்நூறு படிவம் முடித்தால் வேலை நிரந்தரம். நிரந்தரக் கடிதத்தைக் காட்டினால்தான் என் பத்து மாத மகளுக்காகப் பேசி வைத்திருக்கும் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் இடம் உறுதியாகும். அதுவரை பார்த்துக்கொள்வதாகச் சொன்ன பக்கத்து வீட்டு அக்கா மூன்று மாதத்துக்குப் பிறகு செம்பவாங்கில் இருக்கும் மகனிடம் போய்விடுவார். ஆகவே முந்நூறு.

சிக்கல் என்னவென்றால், நான் பயந்தவள். கான்வென்ட்டில் பத்து வருடம், கேட்டால் மட்டும் பதில் சொல்லப் பழக்கியிருந்தார்கள். குழந்தை பிறந்த பிறகு மின்படி, மின்தூக்கி, பக்கத்தில் யாராவது தும்முவது என்று எல்லாவற்றுக்கும் பயம். அப்படிப்பட்டவளை முன்பின் தெரியாதவர்கள் நடுவே நிறுத்தி, "இப்போ நீ கேளு" என்றார்கள்.

ரெண்டு ஷிஃப்ட்டு

முதல் ஞாயிற்றுக்கிழமை. தேக்காவில் நிற்க இடமில்லாத கூட்டம். யாரை நிறுத்துவது என்று தெரியாமல் அரை மணி நேரம் காரோடு காராக நின்றேன். கடைசியில், கப்பல் பட்டறையில் ஃபிட்டர் வேலை பார்க்கும் ஒரு தம்பி தானாகவே வந்தார். புதுக்கோட்டைப் பக்கம், இங்கே வந்து நாலு வருடம் என்றார். லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன். ஊரில் லாரி ஓட்டியிருக்கிறாராம்.

மற்றவர்கள் காரைத் தூரத்தில் நின்று பார்ப்பார்கள். இவர் குனிந்து, கதவுக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் நகத்தை விட்டு மேலிருந்து கீழே இழுத்தார். இடது பக்கம் ஒரு தடவை, வலது பக்கம் ஒரு தடவை. பிறகு பின்னால் போய், பின் விளக்கை ரொம்ப நேரம் பார்த்தார். கூட வந்த மூன்று பேரும் மருத்துவர் வாயைப் பார்ப்பது போல அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் டேப்லட்டில் விரலை வைத்துக் காத்திருந்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "முன்பக்கம் ஒரு ஷிஃப்ட்டு செஞ்சிருக்கு மேடம், பின்பக்கம் வேற ஷிஃப்ட்டு. பின்பக்கம் ஓவர்டைம்ல செஞ்ச மாதிரி இருக்கு."

முதல் விலை

விலைக் கேள்வியைத் தயாரித்தவர்கள் வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். "எந்த விலை என்றால் அதிகம் என்பீர்கள்? எந்த விலை என்றால் இவ்வளவு மலிவா என்று சந்தேகப்படுவீர்கள்?" இதை நாகூர் வழி வந்த, மூன்று தலைமுறையாக இங்கே துணிக்கடை வைத்திருக்கும் ஒரு பாயிடம் கேட்டது என் தவறு.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

"நான் சொல்லக்கூடாதுங்க. நீங்கதான் சொல்லணும்."

"அப்படியா. சரி, ஓட்டிப் பாத்தவங்க என்ன சொல்றாங்க?"

"இன்னும் யாரும் ஓட்டலைங்க."

"யாரும் ஓட்டாத வண்டிக்கு நான் எப்படிம்மா விலை சொல்றது? நீங்க ஒரு பேச்சுக்கு ஒண்ணு சொல்லுங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

இருபது நிமிடம் பேரம் நடந்தது. ஓர் எண்கூட வெளியே வரவில்லை. இடையில் எனக்குப் பால் விடாத ஒரு தே ஓ டீ வாங்கிக் கொடுத்தார். போகிற மாதிரி இரண்டு முறை நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். நான் கூப்பிடுவேன் என்று எதிர்பார்த்திருக்கிறார், பாவம். எனக்கு அந்த வழக்கம் தெரியவில்லை. கடைசியில் ஒரு முடிவோடு சட்டைப் பையிலிருந்து ரசீதுத் தாளை எடுத்து, பின்பக்கம் எதையோ எழுதி, நான்காக மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். பிரித்துப் பார்த்தேன். எழுதியிருந்தது அவருடைய கடை முகவரி. அதன் கீழே: "முதலாளியை வந்து பேசச் சொல்லவும். வாங்கும்போது முதல் விலை நான் சொன்னது கிடையாது."

வைத்திருக்கும் செலவு

அந்த வெளிநாட்டுக்காரர்களுக்குத் தெரியாத இன்னொரு விஷயம் சிஓஇ. உங்களுக்குத் தெரியாததா? இங்கே காருக்கு ஒரு விலை. அதைப் பத்து வருடம் வைத்திருக்கும் உரிமைக்கு ஏலத்தில் இன்னொரு விலை. சமயத்தில் இரண்டாவது முதலாவதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். படிவத்திலோ "விலை" என்று ஒரே ஒரு கட்டம்தான். "சிஓஇயோடயா, இல்லாமயா?" என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். நானும் ஒவ்வொரு முறையும், முதல் முறை கேட்பது போல முழித்தேன்.

குவீன்ஸ்டவுனில் ஒரு கணவன் மனைவி. ஐம்பதைத் தாண்டியவர்கள். கணவர் சிஓஇயோடு ஒரு விலை சொன்னார். மனைவி அதில் பாதியைச் சொன்னார். "உனக்குக் கார் விலையே தெரியாது" என்றார் இவர். "கார் விலையத்தான் நான் சொல்றேன், நீங்கதான் கவர்மெண்ட்டுக்குக் கட்டுறதையும் சேத்துச் சொல்றீங்க" என்றார் அவர். பத்து நிமிடம் இப்படியே போனது. நான் இடையில் புகுந்து, இரண்டையும் எழுதிக்கொள்கிறேன் என்று சமாதானம் சொன்னேன். அந்த அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவரைக் கட்டுனப்பவும் கல்யாணச் செலவு மட்டும்தான் சொன்னாங்க. வச்சிருக்க எவ்வளவு ஆகும்னு யாரும் சொல்லல லா."

இடுப்பு

வாடகைக் கார் ஓட்டும் ஒருவர், நம் ஆள், சாப்பாட்டு இடைவேளையில் வந்தார். காரைச் சுற்றி வந்து, "ஏன் சிஸ், பக்கவாட்டுல இவ்வளவு குண்டா இருக்கு?" என்றார். இதில் பேட்டரியும் இருக்கிறது, பெட்ரோல் டாங்கும் இருக்கிறது, மோட்டாரும் இருக்கிறது, எஞ்சினும் இருக்கிறது என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எல்லாம் புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது: "டயட்டுன்னு சப்பாத்தி சாப்பிட்டுட்டு, பசி அடங்கலன்னு மேல சோறும் சாப்பிடுற ஆளு. இடுப்பு இப்படித்தான் லா இருக்கும்."

தள்ளுவண்டி

ஃபேரர் பார்க் பக்கத்திலிருந்து ஒரு பெண் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே, "பின்கதவத் திறங்க" என்றார். குழந்தையை என் கையில் கொடுத்தார். தள்ளுவண்டியை மடித்து உள்ளே தள்ளினார். போகவில்லை. நிறுத்தி வைத்தார், படுக்க வைத்தார், சக்கரத்தைக் கழற்றினார். அடியில் பேட்டரி இருப்பதால் பின்பக்கத் தரை உயரம் என்று மெதுவாகச் சொன்னேன். முன்பின் தெரியாதவளிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு ஒருத்தியால் எப்படி இவ்வளவு நிதானமாகச் சக்கரம் கழற்ற முடிகிறது என்பதுதான் என் மனதில் ஓடியது. நானாக இருந்தால் கையை விட்டிருக்க மாட்டேன். அவர் நிமிர்ந்து, குழந்தையை வாங்கிக்கொண்டு கேட்டார்: "இத வரைஞ்சவரு வீட்டுப் புள்ளைங்க எல்லாம் ஹாஸ்டல்ல இருக்குதா?"

நைஸ்

என்னோடு சேர்ந்தவள் பிரேமா. அவள் ஒரு மணி நேரத்தில் பத்துப் படிவம் முடித்துவிட்டுத் தோசை சாப்பிடப் போவாள். நான் ஒன்றை முடித்திருப்பேன். இரண்டு மாதம் முடிந்தபோது அவளுக்கு முந்நூறு தாண்டிவிட்டது. எனக்கு நூற்று எண்பது. ராத்திரி தூக்கத்தில் எண்ணிக்கொண்டிருந்தேன். மகளுடைய தடுப்பூசி அட்டையைப் பார்த்தாலும் படிவம் மாதிரியே தெரிந்தது.

ஒருநாள் பிரேமா என் டேப்லட்டை வாங்கிப் புரட்டினாள். ஓவர்டைமையும் இடுப்பையும் ஹாஸ்டலையும் படித்துச் சிரித்தாள். பிறகு, எனக்கு நல்லது செய்கிற அக்கறையோடுதான், சொன்னாள்: "ஊர்ல உள்ள வாயெல்லாம் உன்கிட்டதான் வந்து உக்காந்திருக்கு. என் ஆளுங்க எல்லாம் 'நைஸ்'னு சொல்லிட்டுப் போயிடுறாங்க. உனக்குச் சொந்தக்காரங்க நம்பர் இல்லையாடி?"

கட்டம் இல்லாதவர்

கடைசி வாரத்தின் கடைசி இரவு. இன்னும் நான்கு குறைகிறது. மறுநாள் டேப்லட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மகள் தூங்கிய பிறகு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, புதுப் படிவம் ஒன்றைத் திறந்தேன். ஆம், பொய்ப் படிவம்தான். என் ஒன்றுவிட்ட அண்ணன் பெயரைப் போட்டேன். வயதைப் போட்டேன். விலையைக்கூடப் போட்டுவிட்டேன். கடைசிக் கட்டத்துக்கு வந்தேன். அண்ணன் வாயில் வந்தபடி என்ன வந்திருக்கும்? "இது மிகவும் அழகான கார்" என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். மூன்று மாதத்தில் ஒரு மனுஷன்கூட என்னிடம் அப்படிப் பேசியதில்லை. அந்த ஒரு வரியே என்னைக் காட்டிக் கொடுத்துவிடும். படிவத்தையே அழித்துவிட்டேன்.

என் கணவர் பாத்திரம் கழுவிக்கொண்டே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "என் கருத்த எழுதேன். எனக்கு லைசென்ஸ் இருக்கு, வாயும் இருக்கு" என்றார். குடும்பத்தினர் பதில் சொல்லக்கூடாது என்பது முதல் விதி என்றேன். அவர் குழாயை மூடினார்: "அந்தக் காருக்குத்தான் என் கருத்து வேணாம்னா, இந்த வீட்டுலயும் எனக்குக் கட்டம் கிடையாதா?"

சரிபார்ப்பு

மேற்பார்வையாளர் விமலா மேடம் மேசைக்கு முன்னால் நின்றேன். இருநூற்றுத் தொண்ணூற்று ஆறு. நான்கு குறைவு என்பதை அவர் சொல்லும் முன் நானே சொல்லிவிட்டேன். பராமரிப்பு நிலையத்துக்குத் திங்கட்கிழமை கடிதம் கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அது அவர் கேட்காதது. மேடம் ஒரு பட்டியலை எடுத்தார். சரிபார்ப்பு அழைப்புகள். மற்ற சிலருடைய படிவங்களில் கோடு கோடாக அடித்திருந்தது: "ஞாபகம் இல்லை", "எந்தக் கார்?", "தவறான எண்". என் பெயருக்கு வந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"உன் ஆளுங்க பன்னெண்டு பேருக்கு நானே போன் பண்ணேன்" என்றார் மேடம். "ஒருத்தர் விடாம எல்லாரும் உன்கிட்ட பேசுனேன்னு சொல்றாங்க. நடுங்கிக்கிட்டு நின்ன பொண்ணா, அந்தப் பொண்ணு வேலைக்கு ஏதாவது பிரச்சனையான்னு என்னையே திருப்பிக் கேக்கறாங்க. ரெண்டு பேரு என்னைத் திட்டிட்டாங்க." அவர் இழுப்பறையைத் திறந்து, ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்த கடிதத்தை என் பக்கம் தள்ளினார். "நாலு குறைஞ்சா பரவால்ல, மத்ததெல்லாம் நிஜம். ஒரு விஷயம் மட்டும் கம்பெனிக்காரங்ககிட்ட எப்படி எழுதுறதுன்னு தெரியல. கார் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா யாருக்கும் ஞாபகம் இல்ல. உன்னைத்தான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு."

ஓட்டத் தெரியாத, வாங்க வழியில்லாத, விலையும் தெரியாத ஒரு காரை வைத்து மகளுக்கு ஓர் இடம் பிடித்துவிட்டேன். அடுத்த மாதம் ஆண்களுக்கான முகச்சவரக் கத்தி என்கிறார்கள்.