தடா அருவிக்கு ஒரு ஷட்டவுன் பிளான்

எந்தக் காரியமானாலும் தாளில் கட்டம் போட்டு எழுதினால்தான் பூவராகவனுக்கு நிம்மதி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் இருபத்தாறு வருடம் பராமரிப்புப் பிரிவில் இருந்தார். ஆயுத பூஜைக்கு ஆலை நிற்கும் மூன்று நாளில் எந்த உருளையைக் கழற்றுவது, யார் கழற்றுவது, எத்தனை மணிக்குத் திரும்ப மாட்டுவது என்பதெல்லாம் அவர் போடும் ஷட்டவுன் பிளானில் இருக்கும். மகள் பானுவின் காதுகுத்துக்கும் அப்படி ஒரு தாள் போட்டார். ஆசாரி பத்து நிமிடம் தாமதம் என்று அதில் குறித்தும் வைத்தார்.

அவர் இறந்து வருகிற மாசியோடு ஒரு வருடம். பானுவுக்கு அடிக்கடி நினைவு வருவது 2007 ஐப்பசியில் அவர் ஆந்திர எல்லைக்கு அப்பால் இருக்கும் தடா அருவிக்குப் போட்ட பிளான்தான்.

ரம்ஜான் முடிந்திருந்தது. ஆயுத பூஜையும் முடிந்திருந்தது. தீபாவளிக்கு முன்னால் ஒரு ஞாயிறு காலியாக இருந்தது. முதல் மழைக்குப் பிறகு மலையெல்லாம் பச்சை பிடித்து, அருவியில் தண்ணீர் தெளிந்து விழும் வாரம் அது. பூவராகவனும் அவர் நண்பர்கள் இருவரும் வருடம் தவறாமல் அந்த வாரத்தில்தான் போவார்கள். ஒருவர் குப்புராஜ், அதே ஆலையில் உற்பத்திப் பிரிவு ஃபோர்மேன். இன்னொருவர் அமீருதீன், பழவேற்காட்டுக்காரர், சிப்காட் வாசலில் பேரிங் கடை வைத்திருந்தார். வண்டி அவருடையது.

அந்த வருடம் சித்திரையில் பூவராகவனுக்கு நெஞ்சுவலி வந்து, சென்னையில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். மலை ஏறலாமா என்று கேட்டதற்கு டாக்டர், "மூச்சு வாங்கினால் நின்றுவிடுங்கள்" என்று மட்டும் சொன்னார். அதைப் பூவராகவன் அனுமதி என்று எடுத்துக்கொண்டார். அவர் மனைவி செங்கம்மாள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

"உன் அப்பனுக்குச் சொல்லு. பாறையில உழுந்தா தூக்கியார நான் வரமாட்டேன்."

பூவராகவன் வாதாடவில்லை. எல்லோருக்கும் ஒரே சோதனை என்றார். ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் ஆளுக்குப் பத்து தரம் ஏறி இறங்க வேண்டும். இருபது நிமிடத்துக்குள் முடிப்பவன் மேல் அருவி வரை வரலாம். காரணம் இருந்தது. தடாவில் மேல் அருவிக்குப் போகிறவன் ஓடையைப் பலமுறை கடக்க வேண்டும். ஐப்பசியில் மதியத்துக்கு மேல் மலையில் மழை பிடித்தால் ஓடை சட்டென்று ஏறும். மூன்று மணிக்குள் கீழே வண்டிக்கு வந்துவிட வேண்டும். ஒருவன் பின்தங்கினால் மூன்று பேரும் மாட்டிக்கொள்வார்கள்.

குப்புராஜ் பதினாறு நிமிடத்தில் முடித்தார். அமீருதீன் நடுவில் தெரிந்தவர் ஒருவரிடம் பேரம் பேசிவிட்டும் பதினெட்டில் முடித்தார்.

பூவராகவன் புதன்கிழமை விடிகாலையில், அவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனார். நேரம் பார்க்கப் பானுவைக் கூட்டிக்கொண்டார். அவள் மீஞ்சூர் பக்கம் ஒரு ஆலையில் அளவுமானிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தாள். நான்காவது ஏற்றத்தில் அவர் நின்றார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சூலூர்பேட்டை வண்டியைப் பார்ப்பதுபோல நின்றார். தண்டவாளத்தில் வண்டி எதுவும் இல்லை. ஏழாவதில் படியில் உட்கார்ந்தார். ஒன்பதாவதில் மறுபடியும்.

"எவ்ளோ?"

"முப்பது, நைனா."

"நின்னதெல்லாம் எதுக்குச் சேக்கற? கழிச்சிட்டு நடந்த நேரத்த மட்டும் சொல்லு."

"பத்தொம்பது."

"அத்த எழுதிக்கோ."

பானு எழுதினாள். கருவி காட்டிய அளவை விட்டுவிட்டு வேறு எண்ணை அவள் எழுதியது அன்றுதான் முதல்முறை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் பூவராகவன் வீட்டில் உட்கார்ந்தார்கள். நடுவில் கட்டம் போட்ட தாள். ஐந்து மணிக்குப் புறப்பாடு. எளாவூர் சோதனைச் சாவடியில் லாரி வரிசைக்கு இருபது நிமிடம். ஏழரைக்கு வண்டியை நிறுத்தி நடை. ஒன்பதுக்கு வழியில் ஓடை தேங்கும் முதல் மடு, பதினொன்றுக்கு மேல் அருவி, ஒரு மணி நேரம் குளியல், மூன்றுக்கு வண்டி. அமீருதீன் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ வெளிநாட்டு மலை, மரமெல்லாம் ரத்தச் சிவப்பு.

"தடாவுல இந்த மாதிரி எல செவக்காதா, ராகவா?"

"நம்ம கம்பெனி கேட்டாண்ட பாதாம் மரம் இருக்குதே, அது செவக்கும். டிக்கெட் கூட வாங்க வாணாம், பாய்."

குப்புராஜ் சிரிக்கவில்லை. தாளின் மூலையில் இருந்த மூன்று எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராகவா, பத்தொம்பதா?"

"ஆமா."

"இதுல ஸ்டாப்பேஜ் எங்க?"

ஆலையில் இருபது வருடமாகப் பூவராகவன் குப்புராஜைக் கேட்ட கேள்வி அது. உருளை நின்ற நேரத்தை ஷிஃப்ட் புத்தகத்தில் மறைத்து, ஓடிய நேரத்தை மட்டும் எழுதுவது உற்பத்திக்காரர்களின் வழக்கம். காலையில் வந்ததும் பூவராகவன் அதைக் கண்டுபிடிப்பார். அதற்காக இருவரும் ஒரு மாதம் பேசாமல் இருந்ததும் உண்டு.

"அந்தத் திருட்டுக் கணக்குல நான் பி.எச்.டி., தெரியுமில்ல? எனக்கேவா?" என்றார் குப்புராஜ். பிறகு பானுவிடம் திரும்பினார். "வாட்ச் புச்சது நீதான? சொல்லு மா."

பானு அப்பாவைப் பார்த்தாள். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் அவர் போக முடியாது. சொல்லாவிட்டால் போவார்.

"மூணு தரம் நின்னாரு, மாமா. பதினோரு நிமிஷம்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

பூவராகவன் பென்சிலை எடுத்தார். பத்தொன்பதை அடித்து முப்பது என்று எழுதினார். பக்கத்தில் கணக்குப் போட்டார். ஒன்றுக்கு ஒன்றரை. மேல் அருவி பன்னிரண்டே முக்கால். வண்டிக்குத் திரும்ப மாலை ஆறேகால். தன் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

"நீங்க ரெண்டு பேரும் போய்க்கினு வாங்க. நேரம் சரியா இருக்குது."

"இவுரு வராம, வண்டிய நான் இன்னாத்துக்கு எடுக்கணும்?" என்றார் அமீருதீன். "குப்புராஜ் மூஞ்சியப் பாக்கணும்னா கடை வாசல்லயே பாத்துக்குவேன்."

"இரு பாய்." குப்புராஜ் பென்சிலைப் பிடுங்கினார். "ராகவா, நீயே சொல்லுவ. சொல்லாம நின்னா ஸ்டாப்பேஜ். பிளான்ல எழுதி நின்னா?"

பூவராகவன் கோடு இழுத்த தன் பெயரை மறுபடியும் பார்த்தார்.

"மெயின்டனன்ஸ்."

"அப்ப எழுது."

"மேல் அருவி வராதுடா. உனக்குத்தான் அங்க குளிக்கணும்."

"வராது. எனக்குக் கடுப்புதான், இல்லன்னு சொல்லல. எழுது."

பூவராகவன் புதுத் தாள் எடுத்தார். மேல் அருவி என்ற வரியே அதில் இல்லை. முதல் மடு வரை மூன்று இடத்தில் நிறுத்தம், ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடம், எந்தப் பாறை என்பதும் எழுதினார். ஒன்பதே முக்காலுக்கு மடு. பன்னிரண்டுக்கு இறக்கம். இரண்டுக்கு வண்டி. ஒரு மணி நேரம் கையில் மிச்சம். கடைசி வரியில், 'நேரம் பார்க்க: பானு' என்று சேர்த்தார்.

"எனக்கு ஞாயித்துக்கிழமை டூட்டி, நைனா."

"மாத்திக்கோ. நான் வாட்ச் புடிச்சா இவன் ஒத்துக்க மாட்டான்."

செங்கம்மாள் வந்து தாளைப் பார்த்தாள். "அந்த மூணாவது பாறை நெழல்ல இருக்குதா?" என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது என்றார். இட்லி எத்தனை என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிறு அன்று மூன்று பாறைகளிலும் பூவராகவன் உட்கார்ந்தார். மூச்சு சீராகும் வரை யாரும் அவரைப் பார்க்கவில்லை. குப்புராஜ் தேன்கூடு தேடினார். அமீருதீன் போனில் சிக்னல் தேடினார். மடுவுக்கு வந்தபோது மணி ஒன்பது ஐம்பத்தெட்டு.

"பதிமூணு நிமிஷம் லேட்டு, நைனா."

"காரணம் எழுது. பாய் செருப்பு வார் அந்துபோச்சு. அது என் கணக்குல வராது."

"எழுது மா, எழுது," என்றார் அமீருதீன், ஒற்றைச் செருப்போடு. "மெயின்டனன்ஸ் சரியில்லன்னும் சேத்து எழுது."

பூவராகவன் சட்டையைக் கழற்றிப் பாறையில் வைத்துவிட்டு, மார்பு வரை தண்ணீரில் இறங்கினார்.