ஒன்றரை மீட்டர் குறைந்த மூலை

என்னைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் அந்தக் கிடங்குக் குழியின் விளிம்பில் நான்கு நாளும் பயந்துகொண்டேதான் நின்றேன்.

மட்டக்களப்பு வாவிக் கரையில் கழிவுநீர்ப் பம்ப் ஒன்றுக்குக் கிடங்கு தோண்டும் வேலை. நான் மேற்பார்வையாளர். தோண்டுவதற்கு முன் சுற்றிவர இரும்புத் தகடுகளை ஒன்றோடொன்று கொழுவி நிலத்துக்குள் இறக்கவேண்டும். மண்ணையும் வாவித் தண்ணீரையும் தடுப்பது அவைதான். கிரேனில் தொங்கும் அதிர்வு மெசின் தகட்டின் தலையைக் கவ்விக் குலுக்கும். எங்கள் மணல் நல்ல பிள்ளை, குலுக்கினால் வழிவிடும். எட்டு மீட்டர் தகடும் கொஞ்ச நேரத்தில் உள்ளே போய்விடும்.

குலுக்கல் தகட்டோடு நிற்பதில்லை, அதுதான் வில்லங்கம். கடைசி மூலைக்கு வந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு வேலிக்கு ஓடிவந்தாள்.

“சேர், அறைச் சுவர் வெடிக்குது! நிப்பாட்டுங்க சேர், இப்பதான் கட்டி முடிச்ச வீடு!”

அவள் புருஷன் எங்களிடம்தான் வேலை செய்தான். மண் வெட்டுவான், இரும்பு வெட்டும் காஸ் கட்டரும் பிடிப்பான். அவன் என் முகத்தையே பார்த்தான். நான் கையைக் காட்டி மெசினை நிறுத்தினேன். இரண்டு தகடுகள் மற்றவற்றைவிட ஒன்றரை மீட்டர் வெளியே நின்றன. அதிராமல் அழுத்தி இறக்கும் மெசின் கொழும்பிலிருந்து வரவேண்டும். தாமதம் என்று பொறியியலாளர் ஏசுவார். அவரிடம் கேட்க எனக்குத் துணிவில்லை. “மற்றதுகளோட மட்டமா வெட்டிவிடு” என்றேன் அவனிடம். வெட்டினான். மேலே பார்த்தால் எல்லாம் ஒரே உயரம்.

தகடு ஆழமாகப் போனால்தான் வெளித்தண்ணீர் அதன் அடியால் சுற்றி வரக் களைத்துப்போகும். குறைந்தால் மணலைக் கிளப்பிக்கொண்டு வரும், கிடங்கின் தரையே பொங்கும். அது தெரிந்துகொண்டே அவனோடு சேர்த்து மூன்று பேரை உள்ளே இறக்கினேன். ஒவ்வொரு அடி தோண்டும்போதும் பயம் கூடியது. அந்த மூலையில் எப்போதும் அவனே நின்றான். மற்றவர்கள் வந்தால் “அங்கால போங்கடா” என்று விரட்டினான். வீட்டுக்குக் கிட்ட நிற்க ஆசையாக்கும் என்று நினைத்தேன்.

நான்காம் நாள் காலை, அவன் காலடியில் உலைபோல மணல் கொதித்தது.

“ஏறுங்க! எல்லாரும் ஏறுங்க!” என்று கத்தினேன்.

இருவர் ஏணியால் ஏறிவிட்டார்கள். அவன் முழங்கால்வரை புதைந்திருந்தான். ஊறும் தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டிருந்த பம்பை நிறுத்திக் கிடங்கில் தண்ணீர் ஏறவிட்டால் பொங்குவது அடங்கும், ஆனால் அவன் மூழ்குவான். நிறுத்தாவிட்டால் மணல் இன்னும் விழுங்கும். கயிற்றை எறிந்தோம். மூவரும் இழுத்த இழுப்பில் ஒரு காலின் சப்பாத்தை மணலுக்குள் விட்டுவிட்டு வந்தான். உடனே பம்பை நிறுத்தினேன். தண்ணீர் ஏறி, மணல் அடங்கியது. அவன் வீட்டுச் சுவர் அப்படியே நின்றது.

அவன் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தாள். “சேர் கத்தாட்டி இவர் இல்ல. அண்டைக்கு வீட்டையும் நீங்கதான் காப்பாத்தினீங்க.”

கோப்பையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். அவள் உள்ளே போனதும், “அந்த ரெண்டு தகடும்...” என்று தொடங்கினேன்.

“தெரியும் சேர். வெட்டினது நான்தானே. துண்டு என்ட கழுத்து உயரம் இருந்திச்சு. என்ட சுவருக்காக விட்ட குறை. அதுதான் அந்த மூலைக்குள்ள வேற ஒருத்தனையும் நான் விடல்ல.”

நான் மேலே நின்று பயந்த நான்கு நாளும் அவன் உள்ளே நின்று பயந்திருக்கிறான். தேத்தண்ணியை வேலிக்கட்டையில் வைத்துவிட்டு, பொறியியலாளருக்குப் போன் எடுத்தேன்.