எல்லோரும் பெரிதாக்கிப் பார்த்த மூன்றாவது போட்டோ

"இந்த மாசம் பாக்கறேன் தனம்மா. ஆர்டர் வரலன்னா வெப்சைட்ட மூடிட்றேன்" என்று முதலாளி சொன்னபோது மாசம் பாதி போயிருந்தது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் பத்தொன்பது வருஷம் தைத்து வந்த ஷூவில் குறை பார்க்கும் க்யூசி டேபிளில் நின்றவள் நான். எக்ஸ்போர்ட் கம்மியானதும், இங்கிருக்கும் ஜனங்களுக்கே நேராக விற்கலாம் என்று வெப்சைட் தொடங்கி, என்னையும் பேக்கிங் ஷாகிராவையும் அதற்கென்று ஒதுக்கிய ரூமுக்கு மாற்றினார்கள். லைனில் எங்கள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. இதை மூடினால் இரண்டு பேரும் வீட்டுக்குத்தான்.

ஆட்கள் வராமல் இல்லை. வந்தார்கள், பழுப்பு ஷூவைத் திறந்து பார்த்தார்கள், போய்விட்டார்கள். விலை ஜாஸ்தியோ என்று குறைத்தோம். டெலிவரி இலவசம் என்று போட்டோம். ஒன்றும் ஆகவில்லை. முதலாளி எங்கள் கதவைத் தாண்டும்போதெல்லாம் ஷாகிரா என் முகத்தைப் பார்ப்பாள். நான் கம்ப்யூட்டரைப் பார்ப்பேன், வேறென்ன செய்ய?

வருகிறவர் எங்கே தொடுகிறார், எங்கே நிற்கிறார் என்பதை வீடியோ மாதிரி காட்டும் ரெக்கார்டிங் எங்கள் வெப்சைட்டில் உண்டு. ஆள் யாரென்று தெரியாது, விரல் போகும் வழி தெரியும். ஒருநாள் இருபது பேருடையதை வரிசையாகப் பார்த்தேன். எல்லோரும் பழுப்பு ஷூவின் மூன்றாவது போட்டோவைப் பெரிதாக்கினார்கள், அதுவும் கால்விரல் மடங்கும் இடத்தை. "டிசைன் புடிச்சிருக்குக்கா, அதான் பாக்கறாங்க" என்றாள் ஷாகிரா. நானும் நம்பிச் சந்தோஷப்பட்டேன், பைத்தியக்காரி.

மறுநாள் ஒருவர் பெரிதாக்கினார், சின்னதாக்கினார், மறுபடி அதே இடம். எனக்குச் சுருக்கென்றது. க்யூசியில் நாங்கள் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது அந்த இடத்தைத்தான். தோல் தொளதொளவென்று சுருங்கினால் லூஸ் கிரெய்ன், கழித்து வைக்கிற பி கிரேடு. நானும் பெரிதாக்கினேன். சுருக்கம் இருந்தது.

அந்த ஜோடியைப் போட்டோவுக்குக் கொடுத்தது நான்தான். பாஸான ஜோடி கார்ட்டனுக்குள் போய்விட்டால் யாரும் பிரிக்கக் கூடாது. டேபிளில் மிஞ்சுவது பி கிரேடுதான், அதை எடுத்துக் கொடுப்பதுதான் எங்கள் பழக்கம். போட்டோவில் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்துவிட்டேன்.

சத்தமில்லாமல் போட்டோவை மாற்றிவிடலாமா என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் நல்ல ஜோடிக்குக் கார்ட்டனைப் பிரிக்க வேண்டும், அதற்கு முதலாளியிடம்தான் கேட்க வேண்டும். பயந்துகொண்டே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவரும் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"உன் கண்ணுக்கு ஒண்ணும் தப்பாதே. இத எப்படி உட்ட?"

"செக்கிங் பண்றது நாம மட்டும்தான்னு நெனச்சிட்டேன் சார்."

அவர் எழுந்து வந்து கார்ட்டன் டேப்பைத் தானே கிழித்தார்.

புதுப் போட்டோ போட்ட பிறகும் ஜனங்கள் அதே இடத்தைப் பெரிதாக்கினார்கள். ஒவ்வொரு முறையும் எனக்குத் திக்கென்றது. ஆனால் இப்போது விரல் அங்கேயே நிற்காமல் கீழே இறங்கி சைஸைத் தொட்டது. மூன்றாம் நாள் முதல் ஆர்டர் வந்தது. பெட்டியைக் கட்டும்போது ஷாகிரா அழுதாள். மாசக் கடைசியில் முதலாளி மூடுகிற பேச்சை எடுக்கவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். வாங்கியவரைவிட வாங்காமல் போனவரின் ரெக்கார்டிங்கை உட்கார்ந்து பாருங்கள். பத்தொன்பது வருஷம் ஊரார் தைத்த ஷூவையெல்லாம் ரிஜெக்ட் செய்தவள் நான். என்னை ஜனங்கள் தினமும் ரிஜெக்ட் செய்ததை, டிசைன் பிடித்திருக்கிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு பார்த்திருந்தேன்.