தனி டிஸ்க்கில் இருந்த முகம்

சுனாமி அடித்ததற்கு அடுத்த மாதம் அது. கல்முனையில் ஒரு நிவாரண அலுவலகத்தில் கம்பியூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. மூன்று சேர்வர்களை ஒன்றாகக் கோத்திருந்தோம். பொது டிஸ்க்கில் போடுவதை மூன்றும் காணும். ஒன்று படுத்தாலும் மற்றவை எடுத்துக் கொடுக்கும். தனி டிஸ்க் அப்படியல்ல. அது மாட்டியிருக்கும் சேர்வரோடு வாழும், அதோடு சாகும்.

அடையாளம் தெரியாமல் அடக்கப்பட்டவர்களின் படங்களை எல்லாம் பொது டிஸ்க்கில்தான் வைத்திருந்தேன். கூடத்துத் திரைகளில் யாரும் பார்க்கலாம். மருதமுனையிலிருந்து வந்த, நாங்கள் காக்கா என்று கூப்பிடும் அண்ணன் வயதுக்காரர் ஒருவர்தான் முதலில் எழும்பிச் சத்தம் போட்டார். மனைவியைத் தன் கையாலேயே அடக்கிவிட்டு, காணாமல்போன ஒரே மகளைத் தேடி வந்தவர்.

"நம்மட பொம்புளப் புள்ளையள்ர மௌத்து முகத்த ஊரானெல்லாம் பாக்கிறதா? அல்லாஹ்வுக்குப் பொறுக்குமா?"

அவர் சொன்னது நியாயம். கூடத்தில் இருந்த எல்லோருக்கும் அப்படித்தான் பட்டது. நானும் பெண்தானே; பெண்களின் படங்களை என் அறைச் சேர்வரின் தனி டிஸ்க்குக்கு மாற்றி, பொதுவில் இருந்ததை அழித்தேன். நகல் வைக்க இன்னொரு டிஸ்க் கேட்டேன். "வரும், வரும்" என்றார்கள். வந்தபாடில்லை. அதன்பிறகு பெண்கள் உள்ளே வந்து, என்னோடு இருந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

காக்காவுக்கு அனுப்ப வீட்டில் பெண் யாருமில்லை. தினமும் வருவார். கூடத்தில் இருந்து, ஆஸ்பத்திரிகளில் உயிரோடு இருப்பவர்களின் பெயர்களை மட்டும் பார்ப்பார். "நீங்களே உள்ள வந்து பாருங்க காக்கா" என்று கூப்பிட்டால், "அவள் மௌத்தாகல்ல தங்கச்சி" என்று எழும்பிப் போய்விடுவார். மகளின் அடையாளம் ஒன்றும் சொன்னதில்லை.

ஒருநாள் கரண்ட் போய், திரும்பப் பாய்ந்து வந்ததில் என் சேர்வர் கருகிவிட்டது. பொது டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. தனி டிஸ்க் போனது போனதுதான். கொழும்புக்குக் கொண்டுபோயும் எடுக்க முடியவில்லை.

அல்லாஹ்வின் நாட்டம், அந்த வாரம்தான் காக்கா என் அறை வாசலுக்கு வந்தார்.

"தங்கச்சி, காட்டுங்க. பாத்திடுறன்."

விஷயத்தைச் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "எல்லாப் படத்தையும் பாத்தது நீங்கதானே? என்ட மகள்ர இடப்பக்கப் புருவத்தில வெட்டினாப்போல ஒரு தழும்பு. கண்டயளா?"

கண்டிருந்தேன். "ஓம் காக்கா" என்றேன்.

"தலையில முந்தானை இரிந்திச்சா?"

"ஆரோ ஒரு மனிசன் தன்ட சால்வையால தலைய மூடி, முகத்த மட்டும் விட்டிருந்தார் காக்கா. படத்தில அவர்ர கையும் தெரிஞ்சிது."

அவர் இரண்டு கைகளையும் ஏந்தி, முகம் தெரியாத அந்த மனிதனுக்காகத் துஆக் கேட்டுக் கேட்டு அழுதார். நானும் அழுதேன்.

இப்போதும் இதே தொழில்தான். எதையும் இரண்டு இடத்தில் வைக்காமல் வீட்டுக்குப் போகமாட்டேன். அந்தப் பிள்ளையின் கடைசி முகத்துக்கு மட்டும் என்னைத் தவிர வேறு இடமில்லை. எனக்கு மறதி வந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.